நொடிக்கு நூறு படம்

அந்தக் கேமரா கைக்கு வந்த புதிதில் நான் யாரிடமும் வேறு பேச்சே பேசியதில்லை. சௌக்கியமா என்று ஒருவர் கேட்டால்கூடப் பேச்சு அதில்தான் போய் முடியும். இரண்டு கைகளைச் சேர்த்து ஏந்தினால் அடங்கிவிடும் அளவு சின்னது. ஆனால் ரா என்கிற பதப்படுத்தாத வீடியோவைத் தனக்குள்ளேயே பதிவு செய்யும். முன்பு அதற்கு வெளியே இன்னொரு பெட்டியை ஒயர் போட்டு மாட்ட வேண்டும், அந்தப் பெட்டிக்குத் தனி பாட்டரி, அதைத் தூக்க ஒரு ஆள். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிற ஒரு பெண்ணுக்கு, அதுவும் கோட்டாற்றுச் சந்துகளில் ஆட்களை இடித்துக்கொண்டு ஓடுகிறவளுக்கு, இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால் ஒருத்தருக்கும் புரியாது. புரியவில்லை என்றால் எனக்குக் கோபம் வரும்.

சாதாரணக் கேமரா படம் பிடிக்கும்போதே எல்லாவற்றையும் தானே தீர்மானித்துவிடும். இந்தச் சேலைக்கு இவ்வளவு சிவப்பு போதும், அந்த மூலை இருட்டாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்து மீதியை வீசிவிடும். ரா வீசாது. லென்ஸ் வழியாக உள்ளே வந்த வெளிச்சத்தை அப்படியே அள்ளிக் கார்டில் போட்டுக்கொண்டே இருக்கும். அதனால் கார்டு சட்டென்று நிறையும், கேமரா சூடாகும், வீட்டுக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். படமும் பார்த்த மாத்திரத்தில் வெளிறிக் கிடக்கும். ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் சித்தி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன மக்கா, எங்க பிள்ளை சாம்பல்ல புரண்டு வந்த மாதிரில்லா இருக்கா?” என்றாள். அதற்கு நான் கொடுத்த விளக்கத்தில் அவளுக்கு முதல் பந்தி போய்விட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது படம் எடுத்து முடித்த பிறகு வருகிற பகல்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருவேன். திரையில் கறுப்பாகக் கிடக்கும் ஒரு மூலையை எடுத்துக்கொண்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். முதலில் ஒரு வளையல் வரும். பிறகு ஒரு கை. பிறகு அந்தக் கையில் கன்னத்தைச் சாய்த்துத் தூங்குகிற யாரோ ஒரு அக்கா. எடுத்தபோது நான் அவளைப் பார்க்கவே இல்லை, ஆனால் அவள் அங்கேதான் இருந்திருக்கிறாள். இப்படி ஒவ்வொருவராக இருட்டுக்குள்ளிருந்து எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எந்த ஊரில் இருக்கிறேன், மணி என்ன என்பதெல்லாம் எங்கோ போய்விடும். சோறு ஆறிப்போய்க் கிடக்கும். எதுவும் தொலைவதில்லை, எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு எனக்கு அப்படி ஊறிப்போயிருந்தது. அந்த நினைப்போடுதான் என் அண்ணனைப் படம் எடுத்தேன்.

அண்ணன் வடசேரி சந்தையில் வாழைக்குலை ஏலம் கூறுகிறவன். ஏத்தனும் மட்டியும் செந்துளுவனும் வரிசையாகச் சாய்ந்திருக்க, ஒரு பலகைமேல் ஏறி நின்று அவன் விலை கூறினால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்பார்கள். சின்ன வயதில் அந்தச் சத்தத்தால் எனக்கு மானம் போகும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று “ஏட்டீ” என்று ஒரு கூப்பாடு போடுவான், ரோடே திரும்பி என்னைப் பார்க்கும். ஒரு மழைக்காலத்தில் அந்தச் சத்தம் கரகரத்தது. சளி என்றான். மழை போய் வெயில் வந்தும் சளி போகவில்லை. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். தொண்டையில் கட்டி, குரல்வளையை எடுத்தாக வேண்டும், எடுத்தால் ஆள் பிழைத்துக்கொள்வார், சத்தம் வராது என்றார்கள்.

அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவன் எல்லோரையும் சிரிக்க வைத்தான். “இனி உங்க மைனிக்குக் கொண்டாட்டம்தான். எதிர்த்துப் பேச வீட்ல ஆள் கிடையாது” என்றான். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்போம். மைனி சிரிக்கவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய்க் கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள்.

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின நாள் அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு ஒரே மகள், ஒன்பது வயது. “மோளுக்கு நாலு வார்த்தை சொல்லி வைக்கணும் மக்கா. அவ பெரிசானப்புறம் கேக்கட்டும். உன் மெஷின்ல பிடிச்சு வையி” என்றான். அந்தக் கரகரப்புக்குள் வார்த்தையைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. உன் சத்தம்தான் எத்தனையோ பேர் போனில் இருக்கிறதே, சந்தையில் ஏலம் கூறுவதை ஆளாளுக்கு எடுத்துப் போட்டிருக்கிறார்களே என்றேன்.

“அது வாழைக்குலைக்கான சத்தம்லா. மோளுக்குன்னு ஒரு சத்தம் வேண்டாமா?” என்றான்.

அவன் கேட்டது அவ்வளவுதான். ஒரு நாற்காலியில் உட்கார வைத்துக் கையிலிருந்த போனில் எடுத்திருந்தால் போதும். எனக்குத்தான் போதவில்லை. கீரிப்பாறைக்குப் போவோம் என்றேன். மைனி பிறந்தது அங்கே ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில். அண்ணன் பெண் பார்க்கப் போன இடம், மகள் லீவுக்கு ஓடி விளையாடுகிற இடம், அவளுக்கும் பார்க்கப் பிடிக்கும் என்று காரணங்களை அடுக்கினேன். உள்ளதைச் சொன்னால் எனக்கு அந்த மரங்களுக்கு நடுவே இறங்குகிற காலை வெளிச்சம் வேண்டியிருந்தது. சாகக் கிடக்கிறவனைக்கூட வெளிச்சத்துக்குத் திருப்பிப் படுக்க வைக்கிற ஜென்மம் நான்.

மறுநாள் விடிந்ததும் அண்ணன், மைனி, நான் மூன்று பேரும் போனோம். மகளுக்குப் பள்ளிக்கூடம். மத்தியானமே அண்ணனும் மைனியும் திருவனந்தபுரத்துக்குக் கிளம்ப வேண்டும்.

அங்கே வெயில் நேராக விழுவதில்லை. மேலே இலைகளில் தங்கி, கலங்கி, பச்சையாகி, பிறகுதான் தரைக்கு வருகிறது. மரங்கள் லேசாக ஒரே பக்கம் சாய்ந்தபடி வரிசை வரிசையாக மேட்டில் ஏறிப் பனிக்குள் மறைந்தன. ஒவ்வொரு மரத்திலும் வெட்டிய கோடு வழியாகப் பால் ஊறி, கட்டி வைத்த சிரட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. பால் எடுக்கிற பெண்கள் இரண்டு பேர் வாளியோடு தூரத்தில் நடந்தார்கள், அவர்கள் பேச்சு மட்டும் பக்கத்தில் கேட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கேமராவில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். நொடிக்கு இருபத்தைந்து படம் எடுத்தால் உலகம் அதன் வேகத்திலேயே ஓடும். நொடிக்கு நூறு படம் எடுத்து, அதை இருபத்தைந்தாக ஓட்டினால் எல்லாம் நான்கு மடங்கு மெதுவாகும். சொட்டுகிற பாலை அப்படி எடுத்து, அங்கேயே திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கோட்டின் நுனியில் சொட்டு திரண்டு, நீண்டு, விழுவதா வேண்டாமா என்று யோசித்து நின்றது. விழுந்த இடத்தில் பால் ஒரு கணம் பூவாக விரிந்து அடங்கியது. ஒரு பழுத்த இலை கீழே இறங்கியது, அதற்குத் தரைக்கு வரவே விருப்பம் இல்லை. நான் எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது.

“ஏட்டி, பாலை எடுக்க வந்தியா, என்னை எடுக்க வந்தியா?” என்றான் அண்ணன்.

அவனை ஒரு மரத்தின் முன்னால் நிறுத்தினேன். அவன் மைனியைப் பார்த்து, “நீ ரோட்டுப் பக்கம் போயி நில்லு. நீ நின்னா எனக்குப் பேச்சு வராது” என்றான். மைனி எஸ்டேட் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். அவளுடைய மஞ்சள் சேலை மரங்களுக்கு நடுவே தெரிந்துகொண்டிருந்தது.

அண்ணனின் சட்டையில் சின்ன மைக்கைக் குத்தி, ஒயரைக் கேமராவில் சொருகினேன். கல்யாண வீடுகளுக்கு என்னோடு இரண்டு பேர் வருவார்கள், அன்று நான் மட்டும்தான். ஹெட்போனைப் பையிலிருந்து எடுக்கவில்லை. மறந்து அல்ல. அவன் கடைசியாகப் பேசப்போவதைக் காதுக்குள்ளே வைத்துக் கேட்டால் நான் அழுதுவிடுவேன், கை ஆடும், படம் ஆடும். கேமராதான் பதிகிறதே, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அண்ணன் ஏழு நிமிடம் பேசினான். ஏழு நிமிடமும் நான் அவனுக்கு ஆறடி தூரத்தில்தான் நின்றேன். கண்ணிமையில் ஃபோகஸ் நிற்கிறதா என்று பார்த்தேன். முகத்தில் நிழல் அதிகம் என்று பார்த்தேன். பரவாயில்லை, ராதானே, பிறகு ஏற்றிக்கொள்ளலாம். நாங்கள் அய்யாவழி மார்க்கம், அவன் நெற்றியில் வெள்ளை நாமம் இருந்தது, நிறம் திருத்தும்போது அந்த வெள்ளை உதவும் என்று கணக்குப் போட்டேன். கார்டில் மீதி இருந்த நேரம் சரசரவென்று குறைந்துகொண்டே வந்தது. ராவுக்கு எப்போதும் பேய்ப் பசி என்று விட்டுவிட்டேன். அவன் பேசியதில் ஒரு வார்த்தைகூட என் மண்டையில் ஏறவில்லை. கண் மும்முரமாக வேலை செய்யும்போது காது அடைத்துக்கொள்ளும் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது தானாக அடைத்துக்கொள்ளவில்லை, நானேதான் பொத்தி வைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று நானும் அங்கே கூட இருந்துவிட்டு வந்தேன். அதற்கு அடுத்த நாள்தான் கார்டிலிருந்து இறக்கி வைத்த படங்களைத் திறந்தேன். பால் சொட்டுகிற படங்கள் வரிசையாக இருந்தன. அவற்றுக்குக் கீழே அண்ணனுடையது. ஏழு நிமிடம் பேசியவன் இருபத்தெட்டு நிமிடத்துக்கும் மேல் என்று காட்டியது.

பாலை எடுத்த அதே மெதுவில்தான் அண்ணனையும் எடுத்திருக்கிறேன். திரும்ப மாற்றவில்லை. வேகம் மாற்றி எடுக்கும்போது இந்தக் கேமரா சத்தத்தைப் பதியாது. அது எனக்குத் தெரியாததும் அல்ல. கல்யாணப் படத்தில் மெதுவாக ஓடுகிற இடத்துக்கெல்லாம் நாங்கள் பாட்டுப் போட்டுவிடுவோம், அதனால் சத்தம் இருக்கிறதா என்று ஒருநாளும் தேடியதில்லை. அன்று தேடினேன். நிழலை ஏற்றினால் முகம் வந்தது. நாமத்தை இதுதான் வெள்ளை என்று காட்டியதும் காடு முழுவதும் தன் பச்சைக்குத் திரும்பியது. சத்தம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடுகூட இல்லை. அண்ணன் பச்சை வெளிச்சத்துக்குள் நின்று, தண்ணீருக்கு அடியில் நிற்கிறவன் மாதிரி, மெதுவாக வாயைத் திறந்து திறந்து மூடினான்.

இருபது நாள் கழித்து அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினான். கழுத்தில் மூச்சு விடுவதற்கு ஒரு சின்ன ஓட்டை, அதன்மேல் ஒரு மெல்லிய துணி. நான் பார்க்கப் போனதும் மகளின் நோட்டை வாங்கி முதலில் எழுதிய வார்த்தை, வீடியோ.

“கலர் பண்ணணும் அண்ணா. ரா இல்லியா, உடனே பாக்க முடியாது” என்றேன்.

நம்பினான். நான்தானே அந்தக் கேமராவைப் பற்றி ஊரெல்லாம் பாடம் எடுத்திருந்தேன். அடுத்த தடவை கேட்டபோதும் கலர் என்றேன். அதற்கடுத்த தடவை பெரிய சினிமாக்காரர்களுக்கே ஆறு மாதம் ஆகும் என்றேன். வெட்கம் கெட்ட வாய் எனக்கு. மூன்று மாதம் இப்படி ஓடியது. ராத்தூக்கமும் பகல் சோறும் போயின. அவர்கள் வீட்டுப் பக்கம் போவதையே குறைத்தேன்.

இதற்குள் அந்த வீட்டில் ஒரு வேடிக்கை நடந்திருந்தது. அண்ணன் எழுதுவதை விட்டுவிட்டான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு எழுத்து எப்போதும் அலுப்பு. வெறுமனே உதட்டை அசைப்பான், மைனி பதில் சொல்லுவாள். குழம்பில் உப்பு போதாது என்று அவன் சொல்ல, “போட்டாச்சு, சும்மா தின்னுங்க” என்று அவள் ஏசுவதைக் கேட்டேன். சண்டைகூட முன்போலவே நடந்தது.

ஒருநாள் மத்தியானம் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். “இன்னைக்குப் பாத்துட்டுத்தான் போவோம்” என்றாள் மைனி. “கலர் இல்லேன்னா கறுப்பு வெள்ளையா காட்டு.”

எனக்கு அதற்குமேல் பொய் இல்லை. “சத்தம் இல்ல மைனி. நான் விட்டுட்டேன்” என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பாலை எடுத்தது, மாற்றாமல் விட்டது, மூன்று மாதம் ஏமாற்றியது. அண்ணன் எழுந்து நின்றான். சந்தையில் நிற்பது போல நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தான். கழுத்துத் துணி விம்மி அடங்கியது, வேறொன்றும் வரவில்லை. அவன் என்னை இரண்டு அடி அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சரி, நீ பக்கத்துலல்லா நின்னே. அவிய என்ன சொன்னாவன்னு நீயே சொல்லு” என்றாள் மைனி.

“நான் கேக்கல மைனி.”

அதைச் சொல்லுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. மைனி அண்ணனைப் பார்த்தாள். அவன் உதடு அசைந்தது. “அவியளுக்கும் நினைவில்லையாம். மனசுல வந்ததைப் பேசினாவளாம்” என்றாள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

“படமாவது இருக்கா?” என்றாள் மைனி.

“இருக்கு. மெதுவா ஓடும்.”

“ஓட்டு.”

முகத்தின் நிழலை இன்னும் ஏற்றினேன். மீசைக்கு அடியில் உதடு தெளிவாக வந்தது. மைனி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். அண்ணனின் உதடு ஒட்டியிருந்து பிரிந்தது, குவிந்தது, விரிந்தது. ஒரு வார்த்தைக்கு நாலு வார்த்தையின் நேரம் கிடைத்தது.

“மக்ளே” என்றாள் மைனி.

அவசரமாக மைக்கை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. “நிறுத்து. இன்னொருக்க ஓட்டு” என்பாள். ஓட்டுவேன். தப்பாகச் சொன்னால் பக்கத்திலிருந்து அண்ணன் தலையை ஆட்டி மறுப்பான். சரியாகச் சொன்னால் முகம் அப்படியே மலரும், அவனுக்கே அப்போதுதான் நினைவு வருகிறது. பச்சைக் காடு திரையில் அசைந்துகொண்டிருந்தது. அந்த அறையில் நாங்கள் மூன்று பேரும் அந்த வேகத்துக்கே வந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது.

“ஒருநாள் உன் பள்ளிக்கூட வாசல்ல நின்னு உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ தூணுக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டே. நான் பாத்தேன். அது ஒண்ணும் தப்பில்ல மக்ளே. உன் அத்தையும் அப்படித்தான் ஒளிவா.”

மைனி சொல்லச் சொல்ல நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“அம்மை ஏசுனா எதிர்த்துப் பேசாதே. ரெண்டு நிமிசம் பொறு. அவளே வந்து சோறு வெச்சுத் தருவா.” இதைச் சொல்லிவிட்டு மைனி அண்ணனை ஒரு முறை முறைத்தாள். “உன் கல்யாணத்துக்கு அத்தைதான் வீடியோ எடுப்பா. படம் கையில வர மூணு வருசம் ஆகும். கோவப்படாதே.” இதற்கு முறைப்பு எனக்கு வந்தது. அண்ணன் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

சாயங்காலம் ஆகிவிட்டது. ஏழு நிமிடத்தையும் மைனி சொல்லி முடித்தாள். நாலு இடம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. “அப்போ மோளு அவ அப்பன் பேசுகதைப் பாக்கும்போது என் சத்தமா கேக்கும்?” என்றாள். ஆமாம் மைனி, வேறு யார் சத்தத்தைப் போட என்றேன். அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் சரி என்று தலையசைத்தான்.

நிறுத்தலாம் என்று கையை நீட்டினேன். படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அன்று அவன் பேசி முடித்த பிறகும் அந்த வெளிச்சத்தை விட மனதில்லாமல் நான் கேமராவை நிறுத்தாமல் வைத்திருந்திருக்கிறேன். திரையில் அண்ணன் மகளிடம் பேசுகிற முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மெதுவாக ரோட்டுப் பக்கம் திரும்பினான். மைனி நின்றிருந்த பக்கம். உதடு அசைந்தது.

“பொறு” என்றாள் மைனி.

மறுபடி ஓட்டினேன். மூன்றாம் தடவையும் ஓட்டச் சொன்னாள். பிறகு மைக்கைத் தன் முன்னாலிருந்து ஒதுக்கி வைத்தாள்.

“பயமா இருக்கு ஏட்டின்னு சொல்லியிருக்காவ” என்றாள். அதை என்னைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். “கூப்பிடு தூரத்துலதானே நின்னேன். அதை எங்கிட்ட வந்து சொல்லப்படாதா? அன்னைக்குச் சத்தம் இருந்துல்லா உங்களுக்கு?”

அண்ணன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். எல்லோரையும் சிரிக்க வைத்தவன், ஆபரேஷன் அறைக்குள் போகும்போதுகூட என்னைப் பார்த்துக் கண்ணடித்தவன். பிறகு நிமிர்ந்து மைனியைப் பார்த்தான். உதடு அசைந்தது. திரையில் பார்த்த அதே அசைவு, எனக்கே தெரிந்தது.

“எனக்கும்தான்” என்றாள் மைனி.